ராசாத்தியின் பன்னிரண்டு குப்பிகள்

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தப் பெண் வந்து சேர்ந்தபோது, ஆய்வாளர் வெந்நீர் வாளியில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடம் தொழிற்சாலை ஆய்வாளராக இரும்புப் படிகளில் ஏறி இறங்கியதில் அவருடைய முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் ஏதாவது ஆலையில் ஏதாவது வெடித்தாலோ காணாமல் போனாலோ, போலீசுக்குப் போகத் தயங்குகிறவர்கள் இவரைத் தேடி வந்தார்கள். மாட்டேன் என்று சொல்லிப் பழகாததால் இவரும் போய்க்கொண்டிருந்தார்.

"தண்ணி ஆறுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். உட்கார்ந்து சொல்லுங்கம்மா," என்றார்.

வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஆலையின் நிர்வாகி. மொத்தம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆலையைத் தொடங்கிய அவளுடைய அப்பா பேராசிரியராக இருந்தவர். இப்போது ஆலை மாடியிலேயே படுக்கையில் இருக்கிறார்.

"எங்கப்பா ஒரு ஈஸ்ட் வளர்த்தார் மேடம். அதை யாரோ திருடிட்டாங்க."

கதவோரம் செய்தித்தாளோடு நின்றிருந்த ஆய்வாளரின் தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. வங்கி வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு, அக்காவுக்குக் கார் ஓட்டுவதையே முழுநேர உத்தியோகமாக்கிக் கொண்டவர். அவருக்குக் காது நிமிர்ந்துவிட்டது.

"ஈஸ்ட்டா? ரொட்டி உப்புறதுக்குப் போடுவாங்களே, அதுவா?"

"அதோட ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வச்சுக்கங்க சார். சாதாரண ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு சாராயம் ஆக்கும். ஆனா காய்ஞ்ச சோளத்தட்டைக்குள்ள வேற ஒரு சர்க்கரை இருக்கு, அதை அதால திங்க முடியாது. அப்பா இருபது வருஷம் பாடுபட்டு, அதையும் திங்கிற மாதிரி ஒண்ணை வளர்த்தெடுத்தார். தட்டையைக் கரைச்சு ஊத்தினா, வண்டியில ஊத்துற எரிசாராயம் கிடைக்கும். ராசாத்தின்னு பேரு வச்சிருந்தார்."

ராசாத்தி பன்னிரண்டு சின்னக் குப்பிகளில், பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரியில், உறைபெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை தொட்டி போடும்போதும் ஒரு குப்பியிலிருந்து துளி எடுத்து எழுப்பி வளர்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை திறந்து பார்த்தால் பன்னிரண்டும் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி மூன்று பேரிடம் மட்டுமே இருக்கிறது: இவளிடம், தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் சித்தப்பாவிடம், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண்ணிடம்.

"நாளைக்கு ஒரு பெரிய கம்பெனியில இருந்து வர்றாங்க. ஒரு குப்பி கொண்டுபோய் அவங்க இடத்துல வளர்த்துப் பார்த்துட்டு, சரின்னா எங்களோட சேர்றதா பேச்சு. அது நடக்கலைன்னா ஆலையை மூடணும். எனக்குத் தெரியும் மேடம், எடுத்தது ஆய்வகப் பொண்ணுதான். அவ மேஜையில வேற கம்பெனியோட வேலைக் கடிதம் கிடந்துச்சு. திங்கக்கிழமை சாயங்காலம் கடைசியா வெளியே போனது அவ. கையில தெர்மோகோல் பெட்டி. வாட்ச்மேன் பார்த்திருக்கார். இன்னிக்கு மூணு மணிக்குப் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன்."

"பெட்டியில என்னன்னு அவ சொன்னா?"

"அம்மாவுக்கு இன்சுலினாம். நம்புறதா?"

"அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?"

அவள் வாளியைப் பார்த்தாள். "அஞ்சு வருஷமா எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்தா மேடம். தப்பா இருந்துட்டா என்ன பண்றதுன்னு..."

ஆய்வாளர் காலை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

ஆலை வாசலில் வாட்ச்மேன் தாமாகவே முன்வந்து பேசினார். அவருக்கு அந்தப் பெண்மேல் ஒரு புகார் இருந்தது.

"இங்க பாருங்கம்மா, என் நோட்டை என்ன பண்ணிட்டுப் போயிருக்கான்னு. கையெழுத்துப் போடுறப்ப அந்தப் பெட்டியை இதுமேலதான் வச்சா. ஒழுகி, அன்னிக்கு எழுதின பக்கம் முழுக்க மை கரைஞ்சு போச்சு. மேலே இருந்து கேட்டா நான் என்னத்தைக் காட்டுறது?"

பக்கத்தின் நடுவே சதுரமாக ஓர் ஈரத்தடம் காய்ந்திருந்தது. ஆய்வாளர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"நோட்டை பத்திரமா வைங்க. மூணு மணிக்கு வேணும்."

"அக்கா, ஆதாரம்!" என்று தம்பி காதருகே வந்தார். "பெட்டி இருந்ததுக்கு எழுத்துமூலமான ஆதாரம்!"

"ஆமாடா. ஆனா அது யாருக்கு ஆதாரம்னு அப்புறம் சொல்றேன்."

உறைபெட்டி தரைத்தளத்தில் ஒரு சின்ன அறையில் இருந்தது. கதவைத் திறந்ததும் வெண்புகை தரையில் வழிந்தது. உட்சுவர்களில் பல வருடத்துப் பனி, அழுக்குப் பஞ்சைப் போலச் செதில் செதிலாக இருக்கும் என்று ஆய்வாளர் எதிர்பார்த்தார். இங்கே சுவரில் மெல்லிய புதுப்பனி மட்டுமே படிந்திருந்தது. அடித்தட்டில், கண்ணாடியைப் போல் வழவழப்பாக, விரல் கனத்துக்கு ஒரு பனிப்பலகை. அதற்குள் ஒரு காகிதச் சீட்டு, எழுத்தெல்லாம் கரைந்து, மீன் மாதிரி உறைந்து கிடந்தது.

"இதை எப்ப கடைசியா சுத்தம் பண்ணீங்க?"

"வாங்கின நாள்ல இருந்து நிறுத்தினதே இல்லையே," என்றாள் நிர்வாகி.

தொட்டி அறையில் சித்தப்பா காத்திருந்தார். அறுபது வயது, ஒடிசலான உடம்பு, துவைத்துத் துவைத்து வெளிறிய நீலச் சட்டை. அண்ணனின் ஆராய்ச்சியில் எடுபிடியாகச் சேர்ந்து, தொட்டிக்கே மனைவியைப் போல ஆகிவிட்டவர் என்று நிர்வாகி வழியில் சொல்லியிருந்தாள். தினமும் நான்கு மணிக்கு மாடிக்குப் போய், அன்றைய தொட்டியில் எத்தனை சதவீதம் சாராயம் ஏறியிருக்கிறது என்று அண்ணனிடம் சொல்வார். ஏழு வாரத்துக்கு முன் பெரியவரை மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தபோதுகூட, சித்தப்பா அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயேதான் கிடந்தாராம்.

"இருபது வருஷம் அண்ணன் பொத்திப் பொத்தி வளர்த்தது," என்றார் அவர். "கடைசியில இப்படிச் செத்துப் போச்சே."

ஆய்வாளர் அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். ஆயிரம் லிட்டர் பிடிக்கும் எஃகுத் தொட்டி. பக்கவாட்டில் குளிர்நீர்க் குழாயும் அதைத் திறக்கும் சிவப்புச் சக்கரமும் இருந்தன. மேலே கரியமில வாயு வெளியேறும் குழாய், அதன் நடுவில் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு மானி.

"இப்ப தொட்டி ஓடுதா?"

"ஓடுதும்மா. மூணாம் நாள். நேத்து நாலரை சதவீதம்."

"முந்தாநாள்?"

"அதுவும் நாலரைதான்."

ஆய்வாளர் தொட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார். பிறகு குனிந்து சிவப்புச் சக்கரத்தைப் பார்த்தார். அதன் இரண்டு கம்பிகளுக்கிடையே ஒரு சிலந்தி நிதானமாக வலை பின்னி வைத்திருந்தது. வலையில் தூசி தங்கியிருந்தது.

"வாயு மானி ஓடலையே?"

"அது கெட்டுப்போச்சும்மா. புதுசு வாங்கணும்."

"டேய், அந்த ரப்பர் குழாயைக் கழற்றி ஊது," என்றார் தம்பியிடம்.

"வாயாலயா?"

"வேற எதால ஊதுவே?"

தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊதினார். மானியின் முள் துள்ளிக் குதித்து அரைச் சுற்று சுற்றியது. சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, தரை துடைக்கும் ஸ்பிரிட் என்று எழுதிய இரண்டு பெரிய பீப்பாய்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன.

ஆய்வகப் பெண் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது. அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். கேட்கும் முன்பே பதில் சொன்னாள்.

"சாவி என்கிட்ட இருக்கு. கடிதம் வந்தது நிஜம். பெட்டியில இன்சுலின்தான் இருந்துச்சு. கடையில வாங்கி ஆய்வகத்து ஃபிரிட்ஜ்ல வச்சு, நம்ம ஐஸ் போட்டு எடுத்துட்டுப் போனேன். வேற எதுவும் சொல்றதுக்கில்ல மேடம். நேத்திலிருந்து இதையே நாலு தடவை சொல்லிட்டேன்."

"அஞ்சாவது தடவை சொல்ல வைக்க மாட்டேன். தொட்டி மாதிரியை நீதானே சோதிக்கிறே?"

"ஆமா. சித்தப்பா எடுத்து வடிகட்டி மேல அனுப்புவார். வடிகட்டாம கருவியில போட முடியாது. நான் சாராய அளவை மட்டும் பார்ப்பேன். தொட்டி அறை முழுக்க அவர் பொறுப்பு. எனக்கு மேல வேற வேலை. இதே ஈஸ்ட்டை பிளாஸ்டிக்குக்கான அமிலம் தயாரிக்க வைக்க முடியுமான்னு பார்த்துட்டிருக்கேன்."

"அதுக்கு ராசாத்தியை எங்கிருந்து எடுத்தே?"

"இன்னும் எடுக்கல. இப்போதைக்குக் கடை ஈஸ்ட்டை வச்சுத்தான் முறையைப் பழகிட்டிருக்கேன். குப்பி குறைவா இருக்கு, வீணாக்காதேன்னு சித்தப்பா சொன்னார்."

"வடிகட்டாத மாதிரியை எப்பவாவது பார்த்தியா?"

அவள் யோசித்தாள். "ரெண்டு மாசத்துக்கு முன்னால. மூணு வாரத்துக்கு முன்னால வாயு மானி நிக்குதுன்னு கவனிச்சு என் நோட்டுல எழுதினேன். சித்தப்பாகிட்ட கேட்டேன். கெட்டுப்போச்சுன்னார். அவர் சொன்னா நான் சந்தேகப்பட மாட்டேன் மேடம்."

மூன்று மணிக்கு எல்லோரும் அலுவலக அறையில் கூடினார்கள். நிர்வாகி எழுதி வைத்திருந்த புகார் மேஜைமேல் இருந்தது. ஆய்வகப் பெண் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். வாட்ச்மேன் நோட்டைக் கொடுத்துவிட்டு, போகச் சொல்லாததால் அங்கேயே நின்றார். ஆய்வாளர் மட்டும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வலிக்கும் காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டார்.

"முதல்ல இந்த நோட்டு. பெட்டி ஒழுகி மை கரைஞ்சிருக்கு. அப்படின்னா உள்ளே இருந்தது தண்ணி ஐஸ். எண்பது டிகிரிக் குளிர்ல இருக்கிற குப்பியைத் தண்ணி ஐஸ்ல வச்சா உருகி வீணாப் போகும். அதை உலர்பனியில, டிரை ஐஸ்னு சொல்வாங்களே, அதுலதான் கொண்டுபோகணும். உலர்பனி உருகாது, ஆவியாத்தான் போகும். சொட்டுத் தண்ணி விடாது. இந்தப் பொண்ணு அஞ்சு வருஷமா இந்த வேலை பார்க்கிறா. திருட நினைச்சிருந்தா திருடின பொருளைத் தானே கெடுத்திருக்க மாட்டா. இந்தக் கறை அவளுக்குச் சாதகமான சாட்சி."

நிர்வாகியின் கை புகார்க் காகிதத்தின்மேல் அப்படியே நின்றது.

"அப்ப யார்?"

"திருடு போச்சான்னு முதல்ல பார்ப்போம். ஈஸ்ட் சாராயம் ஆக்குறப்ப சும்மா ஆக்காது. ஏறக்குறைய சாராயத்தோட எடைக்கே கரியமில வாயுவையும் விடும். மானி நல்லாத்தான் இருக்கு, என் தம்பி ஊதினா ஓடுது. ஆனா தொட்டி ஊதல. இன்னொண்ணு, வேலை செய்யற உடம்பு மாதிரி தொட்டியும் சூடாகும். மூணாம் நாள்ல குளிர்நீர் ஓடிக்கிட்டே இருக்கணும். இங்க குளிர்நீர்ச் சக்கரத்துல சிலந்தி குடித்தனம் நடத்துது. தொட்டி நம்ம கையை விடச் சில்லுன்னு இருக்கு. அந்த அறையில புளிச்ச மாவு வாசனை அடிக்கணும். ஊசி போடுறதுக்கு முன்னாடி தேய்ப்பாங்களே, அந்த வாசனைதான் அடிக்குது."

"ஆனா நாலரை சதவீதம்..." என்று தொடங்கிய நிர்வாகி பாதியில் நிறுத்தினாள்.

"ஸ்பிரிட்டை ஊத்தினா வராதா? ஆயிரம் லிட்டருக்கு நாற்பத்தஞ்சு லிட்டர் போதும். ஏழு வாரத்துக்கு ஏழு தொட்டி. ஜன்னலுக்கு வெளியே ரெண்டு காலி பீப்பாய் கிடக்கு. கணக்குச் சரியா இருக்கும்."

தம்பி வாயைத் திறந்து, அக்காவின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார்.

"உறைபெட்டி அடியில தண்ணி தேங்கி மறுபடி உறைஞ்சிருக்கு. அது ஒரு தடவை முழுசா உருகியிருக்கு. அதுவும் ரெண்டு நாளாவது. ராசாத்தி திங்கக்கிழமை போகல. ஏழு வாரத்துக்கு முன்னாடி, பெரியவர் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே போயிட்டா. காலையில இவங்க, யாரோ திருடிட்டாங்கன்னு சொன்னாங்க. எல்லாருமே அப்படித்தான் பேசினாங்க. ஒருத்தர் மட்டும் செத்துப் போச்சுன்னு சொன்னார். திருடு போனது எங்கயோ உயிரோட இருக்கும்னுதானே நினைப்போம்?" ஆய்வாளரின் குரலில் வெற்றி எதுவும் இல்லை. "நீங்களே சொல்லுங்க ஐயா. எனக்குப் பேசிப் பேசி அலுத்துப் போச்சு."

சித்தப்பா தன் கைகளைப் பார்த்தபடி பேசினார்.

"அண்ணனுக்கு மூச்சு நின்னு போய்டும்னு தூக்கிட்டு ஓடினோம். ஆலை மூடிக் கிடந்த அந்த மூணு நாள்ல இங்க கரண்ட் போயிருக்கு. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தி வைக்கிறது என் வேலை. மறந்துட்டேன். வந்து திறந்தா எல்லாம் தண்ணி. மறுபடி உறைய வச்சேன். ஒவ்வொரு வாரமும் ஒரு குப்பியிலிருந்து துளி எடுத்து எழுப்பிப் பார்த்தேன், ஒண்ணாவது பிழைச்சிருக்குமான்னு. பிழைக்கல. அதுக்குள்ள அண்ணன் கண்ணை முழிச்சதும் என்னைப் பார்த்து முதல்ல கேட்டது, எத்தனை சதவீதம்னுதான். என்ன சொல்லச் சொல்றீங்க? நாலரைன்னேன். சொன்னதுக்காக அன்னிக்கே ஊத்தினேன்."

"நாளைக்கு வர்றவங்க குப்பி கேட்பாங்க," என்றார் ஆய்வாளர்.

"அதான் எல்லாத்தையும் பாய்லர்ல போட்டேன். திருடு போச்சுன்னா, அண்ணன் வளர்த்தது நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஆகும்."

"அதுவரைக்கும் எனக்குப் புரியுது. பயந்த மனுஷன் செஞ்ச காரியம். ஆனா நேத்திலிருந்து இந்தப் பொண்ணு இங்க நிக்கிறா. நீங்க வாயைத் திறக்கலயே. மூணு மணிக்குப் புகார் போலீசுக்குப் போறது உங்களுக்குத் தெரியும்."

"போலீஸ் வந்தா சொல்லிடலாம்னுதான்..." அவர் முடிக்கவில்லை. அதைத் தானே நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நிர்வாகி புகாரை மடித்தாள், மறுபடி மடித்தாள், மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கினாள். "சித்தப்பா, மேல போய் அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவர் படியேறிப் போனார். கால்மணி நேரம் கழிந்தது. அவர் இறங்கி வந்தபோது சட்டைக் கை நனைந்திருந்தது.

"திட்டலை," என்றார். "ஏழு வாரமா ஒரே எண்ணைச் சொன்னா எனக்குத் தெரியாதா, உயிருள்ளது என்னிக்காவது இப்படி ஒரே மாதிரி இருந்திருக்கான்னு கேட்டார். முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நான் வந்து உட்கார்ந்து பேசிட்டுப் போறேனேன்னு விட்டுட்டாராம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ராசாத்தியோட தாய் வித்து பல்கலைக்கழகத்துல பத்திரமா இருக்காம். பலம் கம்மி. ஆனா பொறுமையா வளர்த்தா மூணு வருஷத்துல பழைய இடத்துக்கு வந்துடும்னார். நாளைக்கு வர்றவங்ககிட்ட உள்ளதைச் சொல்லச் சொன்னார். அந்தப் பொண்ணு இருக்கா இல்ல, அவ கையில கொடுத்தா ஆகும்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டார்."

எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். அவள் அங்கே இல்லை.

ஆய்வகத்தில் அவள் தன் பொருட்களை ஒரு துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு, இரண்டு பேனா, கோப்பை, பழைய செருப்பு. எழுதிய நோட்டுகளை எல்லாம் தேதி வாரியாக மேஜைமேல் அடுக்கி வைத்திருந்தாள். நிர்வாகி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடும்மா. அப்பா உன்னைத்தான் நம்பியிருக்கார். வேணும்னா கால்ல கூட விழறேன்."

"அய்யோ, அதெல்லாம் வேண்டாம் அக்கா." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. "அந்தக் கம்பெனிக்கு வரலைன்னு பதில் எழுதி வச்சிருந்தேன். ரெண்டு வாரமா பையில இருந்துச்சு, தபால்ல போடத்தான் நேரம் கிடைக்கல. நேத்து நீங்க என் பையைக் கொட்டித் தேடினீங்களே, அப்ப அதுவும் கீழே விழுந்துச்சு. நீங்க பிரிச்சுப் பார்க்கல. சாயங்காலம் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"இன்னொண்ணு எழுதலாமே?"

"முடியும். ஆனா இனி ஏதாவது ஒண்ணு காணலைன்னா, நீங்க முதல்ல யாரைப் பார்ப்பீங்கன்னு நான் பார்த்துட்டே இருப்பேன். அப்படி வேலை செய்ய முடியாது அக்கா." அவள் நோட்டு அடுக்கைத் தொட்டுக் காட்டினாள். "தாய் வித்து வந்ததும் என்ன பண்ணணும்னு இதுல இருக்கு. சந்தேகம்னா சித்தப்பாவை போன் பண்ணச் சொல்லுங்க. எடுப்பேன்."

கீழே சித்தப்பா படியோரம் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுக் கடந்து போனாள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பேருந்து நிறுத்தம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஆய்வாளர் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். அவள் மறுக்கவில்லை. பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. பாதை வளைவு திரும்பியதும் தொடங்கினார். "அக்கா, அந்த மானியை என்னை ஊதச் சொன்னப்பவே உனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு இல்ல? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்கு அந்தப் பொண்ணைத்தான்..."

ஆய்வாளர் உதட்டில் விரலை வைத்தார். தம்பி கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டில் அவள், தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, இரண்டு நாளாகத் தூங்காத தூக்கத்தில் ஆழ்ந்திருந்தாள்.

"நிறுத்தம் வந்துடுச்சேக்கா. எழுப்பணுமா?"

"வேண்டாம். அவ வீடு வரைக்கும் போவோம். விலாசம் அப்புறம் கேட்டுக்கலாம், இப்போதைக்கு நேரா ஓட்டு. பள்ளம் பார்த்து, மெதுவா."